முடிக்கு ஸ்டெம் செல் ஊசியா, மாத்திரையா, நடுவதா? லீவில் வந்திருப்பவர்கள் பணம் கட்டும் முன்

கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறைப் பக்கம் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். முடி கொட்டுகிறது என்று வருகிறவர்களில் வளைகுடாவிலிருந்து லீவில் வந்த பையன்கள்தான் அதிகம். கல்யாணம் பேசிக்கொண்டிருப்பார்கள், நெற்றி மேலே ஏறியிருக்கும், கையில் கொஞ்சம் காசும் இருக்கும், நாள்தான் இருக்காது. முன்பெல்லாம் எந்த எண்ணெய் நல்லது, எந்த ஷாம்பு நல்லது என்று கேட்பார்கள். இப்போது வரும்போதே ஏதாவது ஒரு கிளினிக் எழுதிக் கொடுத்த தாளோடு வருகிறார்கள்.

போன மாதம் என் சித்தி மகன் அப்படி ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினான். சவுதியில் ஏசி மெக்கானிக், வயது 29. தாளில் நான்கு வரி: ஸ்டெம் செல் 1 சிட்டிங், எக்ஸோசோம் 2 சிட்டிங், பிஆர்பி 4 சிட்டிங், கடைசியில் மொத்தம் 1,40,000. அதைப் பேனாவால் அடித்துவிட்டுப் பக்கத்தில் 1,10,000, இன்றே கட்டினால் மட்டும். எந்த செல், எங்கிருந்து எடுப்பார்கள், எவ்வளவு பலன் எதிர்பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை கிடையாது. அவனுக்கு எந்த வகை முடி உதிர்வு என்றுகூட எழுதவில்லை. அவனிடம் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் இதே தாள் வேறு வேறு பெயரில் நிறையப் பேர் கையில் இருக்கிறது.

முதலில் எந்த வகை உதிர்வு என்று தெரிய வேண்டும். டெங்கு, டைபாய்டு, கொரோனா மாதிரி கடுங்காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது ஒன்று, பிரசவத்துக்குப் பிறகு கொட்டுவதும் அதே கணக்குதான். அது பெரும்பாலும் தானே திரும்பி வரும், இரத்தச் சோகையும் தைராய்டும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். வட்ட வட்டமாக விழுவது புழுவெட்டு, அது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருவது, அதன் வைத்தியமே வேறு. நெற்றி ஏறுவது, உச்சி தெரிவது, அப்பாவுக்கோ தாய்மாமனுக்கோ இருந்த மாதிரியே போவது, இதுதான் ஆண் வழுக்கை. சவுதித் தண்ணீரால் போச்சு என்று எல்லோரும் சொல்கிறார்கள். தண்ணீர் முடியை வறள வைக்கலாம், உடைய வைக்கலாம், தோலுக்குள் இருக்கும் வேரைச் சுருக்காது. அங்கே போகிற வயதும் வழுக்கை ஆரம்பிக்கிற வயதும் ஒன்றாக இருப்பதுதான் விஷயம்.

இனி ஸ்டெம் செல், அதாவது தேவைப்படும்போது புதுச் செல்களை உண்டாக்கித் தருகிற மூலச் செல். ஒவ்வொரு முடிக்குழிக்கும் பக்கவாட்டில், புல்லரிக்கும்போது முடியை நிமிர்த்துகிற சின்னத் தசை வந்து ஒட்டுகிற இடத்தில், ஒரு சிறு புடைப்பு உண்டு. ஸ்டெம் செல்கள் அங்கேதான் குடியிருக்கின்றன என்பது 1990-ல் எலியை வைத்துத் தெரிந்தது. குழியின் அடியில் டெர்மல் பாப்பிலா என்று இன்னொரு செல் கூட்டம் இருக்கிறது, புது முடி முளைக்க வேண்டிய நேரத்தில் குரல் கொடுப்பது அதுதான். ஆண் ஹார்மோன் மாறி உண்டாகும் டிஎச்டி அந்தப் பாப்பிலாவைத்தான் பாதிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் முடி கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் குட்டையாகி, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத பூனை முடியாக நின்றுவிடுகிறது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் காட்சரெலிஸ் குழு 2011-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. ஒரே ஆளின் தலையில் வழுக்கை விழுந்த இடத்துத் தோலையும் முடி இருக்கிற இடத்துத் தோலையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஸ்டெம் செல் எண்ணிக்கை இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வழுக்கையில் குறைந்திருந்தது அதற்கு அடுத்த படியில் இருக்கிற செல், அதாவது ஸ்டெம் செல் விழித்து வேலையைத் தொடங்கியதும் உருவாகிற செல். இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். உங்கள் தலையில் ஸ்டெம் செல் தீர்ந்துபோய்விட்டது, நாங்கள் கொண்டுவந்து நிரப்புகிறோம் என்று சொல்லி விற்பதற்கு அடிப்படையே இல்லை. செல் அங்கேயே இருக்கிறது, அதை எழுப்புகிற குரல்தான் அடங்கிப்போயிருக்கிறது. எந்த வைத்தியத்தையும் நான் எடை போடுவது இதை வைத்துத்தான்.

சரி, அப்படியானால் ஸ்டெம் செல் பேக்கேஜ் என்ற பெயரில் உண்மையில் என்னதான் போடுகிறார்கள்? இடத்துக்கு இடம் வேறு. சில இடத்தில் வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, அதிலிருந்து செல்களைப் பிரித்துத் தலையில் ஊசியாகப் போடுவார்கள். அந்தக் கொழுப்புச் செல் முடிக்குழியாக மாறாது. அது சுரக்கிற வளர்ச்சிக் காரணிகள் இருக்கிற முடியைக் கொஞ்சம் தடிப்பாக்கலாம், அவ்வளவுதான் எதிர்பார்ப்பு. சிறிய ஆய்வுகளில் ஓரளவு பலன் காட்டியிருக்கிறார்கள், ஆனால் நூற்றுக்கணக்கான பேரை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வு கிடையாது. இன்னொரு வகையில் காதுக்குப் பின்னால் அரிசி அளவுக்குத் தோல் மூன்று நான்கு துண்டு எடுத்து, ஒரு கருவியில் போட்டு அரைத்து, வடிகட்டி, அந்த நீரை வழுக்கை இடத்தில் ஏற்றுவார்கள். ஒரே நாளில் முடிந்துவிடும் என்பதால் லீவுக்காரர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கிறது. ஆய்வு முடிவுகளோ ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இன்னும் சில இடத்தில் சொந்த இரத்தத்திலிருந்து எடுத்துப் போடுகிற வெறும் பிஆர்பியையே ஸ்டெம் செல் என்று சொல்லிப் போடுகிறார்கள். ஆப்பிள் ஸ்டெம் செல் சீரம் என்று பாட்டிலில் வருவது செடியின் செல்லிலிருந்து எடுத்த சாறு, அழகுப்பொருள் கணக்கில் வாங்கினால் வாங்குங்கள், வைத்தியக் கணக்கில் வேண்டாம்.

எக்ஸோசோம் தனிக் கதை. அது செல்லே இல்லை, செல் வெளியே விடுகிற மிக நுண்ணிய பை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆராய்ச்சியும் நடக்கிறது. ஆனால் 2019 டிசம்பரில் அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி தருகிற அமைப்பான எஃப்டிஏ, எக்ஸோசோம் மருந்து எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை, நெப்ராஸ்காவில் அதைப் போட்டுக்கொண்ட சிலருக்குக் கடுமையான பாதிப்பு வந்திருக்கிறது என்று பொது எச்சரிக்கையே விட்டது. கிளினிக்குகளுக்கு வருகிற சில குப்பிகளின் பெட்டியில் வெளிப்பூச்சுக்கு மட்டும் என்று அச்சிட்டிருக்கும். அதையே ஊசியில் எடுத்து மண்டைத் தோலில் ஏற்றுகிறார்கள். பெட்டியைக் காட்டச் சொல்லி வாசித்துப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம், காசு உங்களுடையது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரத்த நோய்களுக்குச் செய்கிற எலும்பு மஜ்ஜை வகை ஸ்டெம் செல் மாற்றம் மட்டும்தான் வழக்கமான சிகிச்சை. மற்றதெல்லாம் பதிவு செய்த மருத்துவ ஆய்வுக்குள் மட்டும்தான் நடக்கலாம். அந்த ஆய்வுக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. களியக்காவிளை தாண்டினால் எல்லாம் மாறிவிடும், கேரளாவில் வேறு மாதிரி என்று இங்கே ஒரு நம்பிக்கை இருக்கிறது. திருவனந்தபுரத்தில் நல்ல தோல் மருத்துவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், போய்ப் பாருங்கள், ஆனால் இந்த விதி இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆய்வில் சேர்த்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால் சிடிஆர்ஐ என்கிற மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 2009-லிருந்து இந்தியாவில் மருந்து ஆய்வு எதுவானாலும் அந்தப் பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும். இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம்.

இதையெல்லாம் சொல்வதால் ஸ்டெம் செல் ஆராய்ச்சியே ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை உண்டு. 1999-ல் இங்கிலாந்தில் கோலின் ஜஹோடா தன் தலையிலிருந்து முடிக்குழியின் அடிப்பகுதித் திசுவை எடுத்து, கூட வேலை செய்த அமாண்டா ரெனால்ட்ஸின் கையில் வைத்தார். முடியே இல்லாத இடத்தில் புதுக்குழி உருவாகி முடி முளைத்தது. அடிப்பகுதிச் செல்லுக்கு முடியை உண்டாக்கும் சக்தி இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது. சிக்கல் எங்கே என்றால், அந்தச் செல்லை வெளியே எடுத்துத் தட்டில் வளர்த்துப் பெருக்கினால் அந்தச் சக்தியை இழந்துவிடுகிறது. 2013-ல் ஜஹோடாவும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏஞ்சலா கிறிஸ்டியானோவும் மற்றவர்களும் சேர்ந்து, தட்டையாகப் பரப்பாமல் உருண்டை உருண்டையாகத் திரள விட்டு வளர்த்தால் அந்தச் சக்தியில் ஒரு பகுதி திரும்புகிறது என்று காட்டினார்கள். 2020-ல் கார்ல் கோலர் குழு ஸ்டெம் செல்லிலிருந்தே முடியோடு கூடிய மனிதத் தோலை ஆய்வகத்தில் வளர்த்தது, அதற்கு மாதக்கணக்கில் ஆனது. அதே வருடம் ஜப்பானில் ஆட்களுக்குப் போட்டுப் பார்த்த ஒரு ஆய்வு வந்தது. முடிக்குழியின் உறைச் செல்லை வளர்த்து ஊசியாகப் போட்டதில் ஆறாவது, ஒன்பதாவது மாதங்களில் அடர்த்தி கொஞ்சம் கூடியது. கொஞ்சம்தான், கண்ணாடியில் பார்த்து ஆளே மாறிவிட்டான் என்று சொல்கிற அளவுக்கு இல்லை. உலகத்தின் பெரிய ஆய்வகங்களே இந்த இடத்தில்தான் நிற்கின்றன என்றால், ரோட்டோரக் கிளினிக் ஒன்று ஒரே சிட்டிங்கில் வழுக்கையில் புது முடி முளைக்க வைப்பதாகச் சொல்வதை எப்படி நம்புவது?

இருக்கிற ஸ்டெம் செல்லை மருந்தால் எழுப்புவது என்று இன்னொரு வழியும் வந்துகொண்டிருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் யுசிஎல்ஏ ஆராய்ச்சியாளர்கள் 2017-ல், அந்தச் செல்லின் சர்க்கரை எரிக்கும் முறையைக் கொஞ்சம் மாற்றினால் அது விழித்துக்கொள்கிறது என்று எலியில் காட்டினார்கள். அதிலிருந்து வந்த பிபி405 என்ற பூச்சு மருந்து மனிதர்களில் இரண்டாம் கட்டச் சோதனை வரை வந்திருக்கிறது. எனக்கு மிகவும் சரியாகப் படுகிற வழி இதுதான், ஏனென்றால் செல் இருக்கிறது, எழுப்பினால் போதும் என்கிற 2011 கண்டுபிடிப்போடு அது நேராகப் பொருந்துகிறது. ஆனால் கடைக்கு வரவில்லை, அதை நம்பி இன்றைக்குச் சும்மா இருக்க முடியாது. குழி சுருங்கிக்கொண்டே போகும்.

இன்றைக்குக் கையில் கிடைப்பதில் முதலாவது மாத்திரையும் பூச்சும். ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம் மாத்திரை ஆண்களின் வழுக்கைக்கு 1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டிஎச்டியைச் சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது, அதாவது கோளாறு தொடங்குகிற இடத்திலேயே கை வைக்கிறது. இரண்டு வருட ஆய்வில் சாப்பிட்டவர்களில் 100-க்கு 83 பேருக்கு உச்சியில் முடி எண்ணிக்கை குறையவில்லை. இருப்பதைக் காப்பாற்றுவதில் கெட்டி, போன நெற்றியைத் திரும்பக் கொண்டுவருவதில் அவ்வளவு இல்லை. பயமும் நியாயமானதுதான். ஆரம்ப ஆய்வுகளில் ஆசைக் குறைவு, விறைப்புக் குறைவு போன்றவை 100-க்கு 4 பேருக்கு வந்தன, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 2 பேருக்கு. மனச்சோர்வும் வரலாம், தற்கொலை எண்ணத்தையும் பக்க விளைவாக 2025-ல் ஐரோப்பிய மருந்து அமைப்பு உறுதி செய்தது. ஏற்கெனவே மனச்சோர்வு இருந்தவர்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தனியாக ரூமில் கிடக்கிற வெளிநாட்டு வாழ்க்கையில் இதைச் சும்மா விட்டுவிடக் கூடாது. டாக்டர் சீட்டு இல்லாமல் கேட்டால் நான் கொடுப்பதில்லை, மற்றக் கடையிலும் வாங்காதீர்கள். கர்ப்பமாக இருக்கிறவர்கள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது, சாப்பிடுகிற காலத்தில் இரத்த தானமும் கூடாது.

மினாக்ஸிடில் பூச்சு 1988-லிருந்து இருக்கிறது, ஆண் பெண் இருவரும் போடலாம். தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டலாம். அது வேலை செய்கிறது என்பதற்கான அறிகுறி, ஆனால் அடுத்த வாரம் பெண் பார்க்கப் போகிறவனுக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டாமா? பாதியில் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் அந்த வாரங்களில்தான் வருகிறார்கள். இரண்டையும் சேர்த்தாலும் மாதம் ஆயிரம் சொச்சத்துக்குள் முடித்துவிடலாம். நிறுத்தினால் சில மாதத்தில் பலனும் போய்விடும், இதை மனத்தில் வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும்.

பிஆர்பி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்த இரத்தத்தை எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைத் தலையில் ஊசியாகப் போடுவது. ஸ்டெம் செல் இல்லை. ஆய்வுகள் பல இருக்கின்றன, சராசரியாகப் பார்த்தால் ஓரளவு அடர்த்தி கூடுகிறது, ஒருவருக்குக் கேட்பது இன்னொருவருக்குக் கேட்பதில்லை. மாதம் ஒன்றாக மூன்று நான்கு தடவை, அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒன்று என்று போக வேண்டும். ஊரிலேயே இருக்கிறவர் மருந்தோடு கூடுதலாகச் செய்துகொள்ளலாம். ஒன்றரை மாத லீவுக்காரனுக்கு நான்கு சிட்டிங் எழுதிக் கொடுத்து, வாராவாரம் போட்டு முடித்துவிடலாம் என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நடுவதில்தான் சுவாரசியமான விஷயம் இருக்கிறது. நம் பக்கம் ரப்பர்க்காரர்களுக்கு இது உடனே பிடிபடும்: நல்ல பால் தருகிற மரத்தின் மொட்டை எடுத்து நாட்டுக்கன்றில் ஒட்டினால், வளர்கிற மரம் மொட்டின் குணத்தோடுதான் வளரும். நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் 1950-களில் தலையில் கண்டது இதைத்தான். பின்மண்டை முடி டிஎச்டிக்கு அசையாது, அதை முன்னால் கொண்டுவந்து நட்டாலும் அந்தக் குணம் மாறாது. நட்டு வைப்பது முழுக் குழியையும், அதாவது புடைப்பில் இருக்கிற ஸ்டெம் செல், அடியில் இருக்கிற பாப்பிலா, சுற்றியுள்ள தோல் எல்லாவற்றையும் சேர்த்து. ஸ்டெம் செல் வைத்தியம் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, ஸ்டெம் செல்லை அதன் இருப்பிடத்தோடு பெயர்த்து வைத்து, அது வருடக்கணக்கில் வேலை செய்வதை நிரூபித்திருக்கிற ஒரே வழி இதுதான்.

குறைகளும் உண்டு. பின்மண்டை இருப்பு அளவானது, எடுத்தால் அங்கே திரும்ப முளைக்காது. 25 வயதில் நெற்றியை இறக்கி நட்டுவிட்டு, 40 வயதில் நடுவே எல்லாம் போய்விட்டால் முன்னால் ஒரு தீவு மட்டும் நிற்கும். அதனால்தான் நட்ட பிறகும் பழைய முடியைக் காக்க மருந்து வேண்டும் என்கிறார்கள். காசு கிராஃப்ட், அதாவது பெயர்த்து நடுகிற முடிக்கொத்து, எண்ணிக்கையைப் பொறுத்து அரை லட்சத்திலிருந்து லட்சங்கள் வரை போகும். 2016-ல் சென்னையில் மருத்துவ மாணவர் ஒருவர் முடி நட்டுக்கொள்ளப் போய் உயிரையே இழந்தார். முடிதானே என்று இளக்காரமாக நினைக்கிற விஷயம் இல்லை இது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், முறையாகப் பயிற்சி பெற்ற பதிவு பெற்ற மருத்துவர்தான் இதைச் செய்ய வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. ஆகவே கேட்க வேண்டியது கிளினிக் பெயரை அல்ல, கத்தியைப் பிடிக்கப் போகிற ஆளின் பெயரையும் பதிவு எண்ணையும். மரத்துப்போக ஊசி போடும்போது யார் கூட நிற்பார்கள், அவசரம் என்றால் எந்த ஆஸ்பத்திரி என்பதையும் கேட்க வேண்டும்.

லீவுக் கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். நட்ட இடத்தில் பொருக்கு உதிர ஒன்றரை இரண்டு வாரம் ஆகும், அப்புறம் ஓரிரு மாதத்தில் நட்ட முடி பெரும்பாலும் கொட்டிவிடும், மூன்று நான்கு மாதத்துக்குப் பின்தான் முளைக்கத் தொடங்கும், முழுப் பலன் தெரிய ஒரு வருடம். கல்யாணப் போட்டோவுக்காக என்றால் போன லீவிலேயே செய்திருக்க வேண்டும். திரும்பிப் போனதும் சைட்டில் ஹெல்மெட், வெயில், வியர்வை என்று நிற்கிற வேலை என்றால், ஒரு மாதமாவது ஊரில் இருக்கிற மாதிரி லீவின் தொடக்கத்திலேயே செய்வதுதான் சரி.

பெண்களுக்கு வகிடு அகலமாவதற்குப் பெரும்பாலும் மினாக்ஸிடில்தான் முதல் மருந்து. குழந்தை பெறும் வயதில் ஃபினாஸ்டரைடு வேண்டாம். புழுவெட்டுக்காரர்கள் இந்தப் பேக்கேஜ் பக்கமே போகத் தேவையில்லை. அங்கே தாக்கப்படுவது குழியின் அடிப்பகுதி, ஸ்டெம் செல் புடைப்பு பத்திரமாக இருக்கிறது, அதனால்தான் வருடம் கழித்தும் முளைக்கிறது. கடுமையாக இருந்தால் பாரிசிடினிப் மாதிரி மாத்திரை 2022-லிருந்து வந்திருக்கிறது, தோல் மருத்துவரின் கண்காணிப்பில் சாப்பிட வேண்டியது. தழும்பு விழுந்து பளபளவென்று ஆகிற உதிர்வில் அந்தப் புடைப்பே அழிந்துவிடும், அதனால் எரிச்சல், அரிப்போடு முடி போனால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள்.

காய்ச்சிய எண்ணெய், செம்பருத்தி இலையை அரைத்துத் தலையில் தேய்க்கிற தாளி எல்லாம் விடச் சொல்லவில்லை. முடி உடையாமல் இருக்கும், தலைக்கும் சுகம். வழுக்கை போகும் என்று லேபிளில் போட்டால் மட்டும் நம்பாதீர்கள், மருந்து விதிகளின் அட்டவணை ஜே-யில் குணமாக்குவதாகச் சொல்லி விற்கக் கூடாத நோய்களின் பட்டியலிலேயே வழுக்கை இருக்கிறது.

சித்தி மகனுக்கு உச்சி மெலிந்திருக்கிறது, நெற்றி ஓரம் ஏறியிருக்கிறது, பின்பக்கம் நல்ல அடர்த்தி. திருவனந்தபுரத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டினோம், மாத்திரையும் பூச்சும் எழுதினார், ஸ்டெம் செல் தாளை வாசித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அந்த 1,10,000-ஐ அவன் கட்டவில்லை. ஆறு மாத மருந்தும் சீட்டும் பெட்டியில் வைத்துவிட்டான், மாதம் ஒருமுறை ஒரே பாத்ரூம் விளக்கில், ஒரே கோணத்தில் உச்சியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வருடம் முடிந்து உச்சியில் மெலிவது நின்றுவிட்டது என்று படத்தில் தெரிந்தால், அடுத்த லீவின் முதல் வாரத்தில் நெற்றிக்கு மட்டும் நட்டுக்கொள்வதாகத் திட்டம், அதற்குள் எந்த மருத்துவர் கையில் என்று நான் விசாரித்து வைக்க வேண்டும். பெண் வீட்டாரிடம் சித்தி ஏற்கெனவே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள், அவர்கள் வீட்டு மாப்பிள்ளைக்கும் இதே நெற்றிதானாம்.